நாற்பத்தொரு பேருக்கு ஒரே தாத்தா

ஜூன் 2, திங்கள்

இந்த டைரியில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப் போவதில்லை என்று, சாயப்பவுடர் கம்பெனி இலவசமாகக் கொடுத்த இதே டைரியின் அட்டைமேல் கைவைத்து உறுதி கூறுகிறேன். நம்புகிறவர் எவரேனும் இருந்தால் அவர் நல்ல டாக்டரைப் பார்ப்பது உத்தமம்.

எழுதுபவர்: அவிநாசி சென்னியப்பன், வயது ஐம்பத்தெட்டு, மடகாஸ்கர் தீவில் திருப்பூர் பனியன் சாம்ராஜ்யத்தின் முதல் கவர்னர். நியமித்தவர்: அக்கா மகன் பூபதி, கம்பெனி முதலாளி. சாம்ராஜ்யத்தின் பரப்பு: அன்ட்சிராபே என்ற மலையூரின் விளிம்பில் ஒரு தகர ஷெட். படைபலம்: முப்பத்திரண்டு தையல் மெஷின். என்னை விட்டால் இந்தப் பொறுப்புக்கு ஆளில்லை என்று கம்பெனியே கெஞ்சி அனுப்பியது. அக்கா மட்டும் ஏர்போர்ட்டில், “இதையாச்சும் ஒழுங்கா முடிச்சுப்போட்டு வா சென்னி” என்றாள். பாசத்தில் வார்த்தை தடுமாறியிருக்கும்.

ஒரு பிரெஞ்சுக் கடைக்குக் குழந்தைகள் டி-ஷர்ட் இருபத்திரண்டாயிரம் பீஸ். ஆகஸ்ட் எட்டாம் தேதி கன்டெய்னர் ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஷெட்டை உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் ஊருக்கு வந்து நூல் குடோன் வாசலில் நாற்காலி போட்டு உட்காரலாம் என்றான் பூபதி. மரியாதையாகத்தான் சொன்னான். நாற்காலிக்குக் குஷன் கூட உண்டாம்.

இங்கே குளிர் சொல்லி முடியாது. காலையில் அடிக்க வேண்டிய அலாரம் கடிகாரம், நடுராத்திரியே இறங்கி வந்து என் போர்வைக்குள் படுத்துக்கொண்டது.

ஜூன் 5, வியாழன்

ஆள் எடுப்பு. என் மொழிபெயர்ப்பாளரும் ஆபீஸ் நிர்வாகியுமான ரிவோ இந்த ஊர்க்காரன். கோயம்புத்தூரில் மூன்று வருஷம் பி.காம் படித்தவன். பீளமேட்டு மெஸ்ஸில் சாப்பிட்டுச் சாப்பிட்டு அவன் நாக்கில் கொங்குத் தமிழ் ஏறிவிட்டது. பூபதி பேசுவதைவிட இவன் பேசுவது சுத்தம்.

திங்களன்று எடுத்த நாற்பது பேரில் இன்று வந்தது பதினொன்று. பக்கத்துக் கம்பெனியில் மதியச் சோறு அதிகமாம். இவர்கள் மூன்று வேளையும் அரிசி. ஒருத்தி ஒரு வேளைக்குச் சாப்பிடும் சோற்றில் நம்மூரில் காதுகுத்தே நடத்திவிடலாம்.

நாற்பது வருஷத் திருப்பூர் அனுபவத்தைக் கையிலெடுத்தேன். ஒருத்தியை எடுக்காதே, உறவை எடு. சொந்தக்காரர்களாகப் போட்டால் ஒருத்தி ஓடினாலும் மற்றவர்கள் இழுத்து வருவார்கள். வந்தவர்களில் கைவேலை சுத்தமானவள் ஹந்தா என்ற பெண், நாற்பது வயதிருக்கும். ஒன்பது வருஷம் வேறு கம்பெனியில் தையல் லைனை மேற்பார்த்தவள். கழுத்துக்கு ரிப் பட்டி வைக்கச் சொன்னேன்; நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் ஆறு கழுத்து முடிந்திருந்தது. உன் சொந்தத்தில் தைக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். தன் விரல்களில் எண்ணினாள். போதாமல் ரிவோவின் விரல்களைக் கடன் வாங்கினாள். பிறகு என்னுடையதையும்.

ஒரே மலைக்கிராமத்திலிருந்து நாற்பத்தொரு பேர். ஹந்தா லைன் சூப்பர்வைசர்.

“சார், எல்லாம் ஒரே குடும்பமா எடுத்துப் போடறீங்க. நாளைக்கு ஒருத்தருக்குக் காரியம்னா எல்லாருக்கும் காரியமுங்க” என்றான் ரிவோ.

நிர்வாகம் என்பது பி.காமில் வராது என்று விளக்கினேன்.

ஜூன் 13, வெள்ளி

திறப்பு விழா. பிரெஞ்சுக் கடையிலிருந்து ஒரு அம்மாள் பரிசோதனைக்கு வந்திருந்தார். பத்தேகாலுக்கு ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. அம்மாளின் கார் வந்து நின்றபோது மணி பத்து முப்பத்தொன்று. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம். ஒன்றரை மணி நேரம் அவரைக் கத்தரிக்கோலும் கையுமாக வெயிலில் நிறுத்திவைத்தேன். ஏன் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. தையல்காரப் பெண்களுக்கு ரிவோ ஒரே வரியில் சொன்னான், உடனே விளங்கிவிட்டது. இங்கேயும் நாள் பார்த்துச் சொல்லும் ஆள் உண்டாம். சுவரோரம் குந்தி உட்கார்ந்து, பன்னிரண்டாகும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

பன்னிரண்டு ஒன்றுக்கு முதல் தையல். மெஷின்கள் ஓடிய சத்தத்தில் பக்கத்து எரிமலை ஒன்று விழித்துப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

ஜூன் 26, வியாழன்

இவர்கள் நாட்டின் சுதந்திர தினம். லீவு. தெருவெல்லாம் காகித விளக்கு. அறையில் துணி துவைத்தேன்.

ஜூலை 9, புதன்

ஒரு நாளைக்கு ஐந்நூறு பீஸ். பூபதிக்கு ஐந்நூற்றைம்பது என்று அனுப்பினேன். நாளை எப்படியும் ஆகும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதை சொல்வது வழக்கமாகிவிட்டது. திருப்பூரில் மழையே கலரில்தான் பெய்யும் என்றேன். நொய்யலில் வெள்ளம் வந்து இரண்டு கரையும் பிய்த்துக்கொண்டபோது, என் பாட்டன் ஒரே ராத்திரியில் இரண்டு கரையையும் சேர்த்துத் தைத்தார் என்றேன். ரிவோ முகம் மாறாமல் மொழிபெயர்த்தான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஹந்தா மட்டும், என்ன தையல் போட்டார் என்று கேட்டாள்.

பனியன் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் என்றேன்.

யோசித்துத் தலையாட்டினாள். சரிதான், தண்ணீர் ஏறினால் இழுத்துக் கொடுக்கும் என்றாளாம்.

இவள் நம்புகிறாளா, என்னை வைத்து விளையாடுகிறாளா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

விடை கிடைத்துவிட்டது. விளையாடுகிறாள்.

காலையில் ஹந்தா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். ரிவோ பக்கத்தில் நின்று சொன்னான்.

“அவங்கப்பா கனவுல வந்து குளிருதுன்னாராமுங்க. மூணு தடவ. அதனால அவர வெளிய எடுத்துப் புதுத்துணி சுத்தணுமுங்க. இருவத்தொம்பதுலருந்து முப்பத்தொண்ணு வரைக்கும் லீவு கேக்கறாங்க.”

அப்பா எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். கல்லறையில். எத்தனை நாளாக? பதினோரு வருஷமாக.

திருப்பூரில் இதே மாதிரி நாற்காலியில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவன் நான். தாத்தா செத்துவிட்டார் என்று லீவு கேட்காத தொழிலாளி அங்கே இன்னும் பிறக்கவில்லை. கட்டிங் மாஸ்டர் ஒருவன் ஒரே தாத்தாவை மூன்று தீபாவளிக்குக் கொன்றான். நான்காவது தடவை தாத்தாவே டிபன் கேரியரோடு கேட்டுக்கு வந்து நின்றார். ஆனால் பதினோரு வருஷத்துக்கு முன்னால் செத்தவரை வைத்து லீவு கேட்கும் துணிச்சலை இன்றுதான் பார்த்தேன். நொய்யலைத் தைத்த கதைக்கு இது பதில் கதை. எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

பொய்யை அதைவிடப் பெரிய பொய்யால் அடிப்பதே முறை. என் அப்பாவும் அதே நாள்தான் வெளியே வருகிறார், ஆனால் நான் லீவு போடவில்லையே என்றேன்.

ரிவோ கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். ஹந்தாவின் முகம் மாறியது. அப்படியானால் உங்கள் அப்பாவுக்குத் துணி சுற்றுவது யார் என்று கேட்டாள். யாருமில்லை, எரித்தாயிற்று, பவானி ஆற்றில் சாம்பலைக் கரைத்தாயிற்று என்றேன். கரைத்தது நீங்களா என்றாள். நான் அப்போது சூரத்தில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருந்தேன், வந்து சேர மூன்று நாள் ஆனது. இதை நான் சொல்லவில்லை. கரைத்தாயிற்று என்று மட்டும் மறுபடி சொன்னேன்.

பிறகு மெதுவாக ஏதோ கேட்டாள்.

“அப்ப அவருக்குக் குளிராதாங்கறாங்க.”

பவானி வெந்நீர் ஆறு என்றேன். லீவு இல்லை என்றேன். வேண்டுமானால் கன்டெய்னர் ஏறியபிறகு ஆகஸ்டில் அப்பாவை எடுத்துக்கொள்ளட்டும். நாள் பார்ப்பவர் குறித்த தேதியை மாற்ற முடியாதாம். மாற்றினால் என்ன என்றேன்.

“திறப்பு விழா அன்னைக்கு நீங்க ராகுகாலத்த மாத்துனீங்களாங்கறாங்க” என்றான் ரிவோ. “நான் கேக்கலீங்க சார். அவங்க கேக்கறாங்க.”

இறப்புச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னேன்.

ஜூலை 22, செவ்வாய்

கொண்டுவந்தாள். முத்திரையோடு, பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதியோடு. கூடவே நாற்பத்தொரு லீவு லெட்டர். நாற்பத்தொன்றிலும் ஒரே பெயர்: ரஜோனா. சிலருக்கு அப்பா, சிலருக்குப் பெரியப்பா, சிலருக்கு மாமனார், மீதிப் பேருக்குத் தாத்தா.

உலகத் தையல் வரலாற்றில் ஒரு ஷெட்டுக்கே ஒரு தாத்தா என்பது இதுதான் முதல்முறை. ரிவோ என்னைப் பார்த்தான். காரியம் பற்றி ஜூனில் சொன்னதை அவன் நினைவூட்டவில்லை. நல்ல பையன்.

ஜூலை 23, புதன்

பூபதி போன் செய்தான். நாற்பத்தொரு பேர் கும்பலாக லீவு கேட்கிறார்கள், காரணம் சரியில்லை என்று மட்டும் சொன்னேன். “எல்லாரையும் தூக்கிப்போட்டுப் புது ஆளுங்களப் போடுங்க மாமா” என்றான். பின்னால் அக்காவின் குரல், என்னவாம் அவனுக்கு என்று கேட்டது.

இருபத்தொன்பதாம் தேதி வராதவர்கள் இனி வர வேண்டாம் என்று நோட்டீஸ் ஒட்டினேன். நாற்பத்தொரு நீக்கக் கடிதம் அடிக்கச் சொன்னேன். ரிவோ மெதுவாக அடித்தான். ஒரு விரலால்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. ஊரில் இருந்தால் பவானிக்குப் போகலாம் என்று காலண்டர் சொன்னது. இருந்தபோதும் போனதில்லை என்பது அதற்குத் தெரியாது. அதைத் திருப்பி மாட்டினேன். கரன்ட் இரண்டு மணி நேரம் இல்லை. 410 பீஸ்.

ஜூலை 28, திங்கள்

இன்று 640 பீஸ். இதுவரை இல்லாத கணக்கு. போகிறவர்கள் ஏன் இப்படித் தைக்கிறார்கள் என்று தெரியவில்லை.

சாயந்திரம் ஹந்தா தன் மெஷினைத் துடைத்து, சுற்றிலும் பெருக்கி, மேலே துணி போட்டு மூடினாள். நூல் வெட்டும் கத்தரியையும் லைன் நோட்டையும் என் மேஜைமேல் வைத்தாள். எந்த பண்டலில் எத்தனை கழுத்து பாக்கி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். வீட்டுக்காரன் இல்லை, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று ரிவோ அவனாகவே சொன்னான். நான் கேட்கவில்லை.

“இந்த வேலை புடிச்சிருந்துச்சுன்னு சொல்லச் சொன்னாங்கங்க.”

நன்றி என்றேன்.

ஜூலை 29, செவ்வாய்

ஒன்பது பேர் வந்தார்கள். ஷெட்டில் பேசினால் எதிரொலிக்கிறது. பேசவில்லை.

ஜூலை 30, புதன்

பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க ஜீப் எடுத்துக்கொண்டு அவர்கள் கிராமத்துக்குப் போனேன். கையெழுத்திட்ட நாற்பத்தொரு கடிதத்தையும் அங்கேயே கொடுத்துவிடுவது திட்டம். இரண்டரை மணி நேரம் செம்மண் பாதை.

பொய் இல்லை.

சரிவில் கல்லால் கட்டிய அறை. வாசலில் அடைத்திருந்த கல்லைப் புரட்டியிருந்தார்கள். ஆட்கள் உள்ளே இறங்கி, செத்தவர்களைச் சுற்றிய பழைய துணிச் சுருள்களை ஒவ்வொன்றாகப் பாய்மேல் வெளியே கொண்டுவந்தார்கள். ஊர் முழுக்கப் புதுச்சட்டை. வாத்தியம் வாசித்தார்கள், சோகமாக அல்ல. என் லைன் அப்படியே இருந்தது: ஓவர்லாக்காரிகள், செக்கிங் பெண்கள், அயர்ன் போடும் கிழவர். என்னைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. கொழுப்புப் பன்றிக்கறியும் சோறும் இலையில்லாமல் தட்டில் குவித்துக் கொடுத்தார்கள். சாப்பிட்டேன். லெட்டர்கள் எங்கே என்று ரிவோவைக் கேட்டேன். ஆபீஸ் மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டானாம்.

ரஜோனாவைப் பெண்கள் மடிமேல் வாங்கினார்கள். பழைய துணியைப் பிரிக்காமல், அதன்மேலேயே புதுத் துணியைச் சுற்றினார்கள். ஹந்தா இறுக்கிக் கட்டினாள். யாருடையது என்று மாறிவிடாமலிருக்க, ஓரத்தில் பேனாவால் பெயர் எழுதினாள். பிறகு அந்தச் சுருளிடம் பேசத் தொடங்கினாள். பிள்ளைகள் எந்த வகுப்பு, கூரை மாற்றியது, எந்த மாடு செத்தது. கடைசியில் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள்.

“இவர்தான் எங்கூருக்கே வேலை குடுத்தவருன்னு சொல்றாங்கங்க” என்றான் ரிவோ.

வேலையிலிருந்து எடுத்ததைச் சொன்னாளா என்று கேட்டேன். அதைச் சொல்லவில்லையாம்.

தோளில் தூக்கி ஆடும்போது ஒரு மூலை காலியாக இருந்தது. ஹந்தா என்னைப் பார்த்தாள். போய்ப் பிடித்தேன். கால் பக்கம். இருபது டி-ஷர்ட் கட்டு இதைவிடக் கனக்கும்.

கல்லறையை மூன்று சுற்றுச் சுற்றினோம். இறக்கியபிறகு ஹந்தா என்னிடம் நேராகவே ஏதோ கேட்டாள்.

“அப்பா இப்பத் திரும்பி உள்ள போறாருங்க. உங்கப்பாவுக்கு ஏதாச்சும் சொல்லி உடணுமாங்கறாங்க. ஆத்துல இருந்தாலும் தேடிப் பாத்துச் சொல்லுவாராமுங்க.”

சுற்றிலும் நாற்பத்தொரு பேரும் காத்திருந்தார்கள். உன் மகன் வெளிநாட்டில் எழுநூறு மெஷின் வைத்து ஃபேக்டரி நடத்துகிறான் என்று சொல்லச் சொன்னேன். ரிவோ என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தான். தன் கையால் ஒவ்வொரு மெஷினுக்கும் எண்ணெய் விட்ட ஹந்தா, துளியும் சிரிக்காமல், எழுநூறு என்று தன் அப்பாவிடம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வேலை உண்டு என்று ஊரில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஜூலை 31, வியாழன்

பூபதி போன். இரண்டு நாளாக ஏன் நூற்றுச் சொச்சம் பீஸ் என்றான். நடந்ததை நடந்தபடி சொன்னேன். செத்தவர் கனவில் வந்தது, கல்லைப் புரட்டியது, துணி சுற்றியது, தோளில் தூக்கியது. ஒரு எழுத்துக்கூட மிகை இல்லை. ஐம்பத்தெட்டு வருஷத்தில் இப்படிச் சொன்னது முதல் தடவையாக இருக்கலாம்.

பூபதி போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றும் சத்தம் கேட்டது.

“மாமா, பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்குதுங்க.”

“டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சுப்போச்சு மாப்ளை” என்றேன்.

“இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க” என்றான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஏழு மணிக்கு நாற்பத்தொரு பேரும் வந்தார்கள். ஹந்தா என் மேஜைக்கு வந்து நின்றாள். கத்தரியை எடுத்துக் கொடுத்தேன். நோட்டீஸை நானே கிழித்தேன். நீக்கக் கடிதங்களின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பண்டல் டோக்கன் எழுத உதவியது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கன்டெய்னர் ஏறும் நாள். ஏறவில்லை. ஆயிரத்து இருநூறு பீஸ் பாக்கி. யாரும் கேட்காமலே ஞாயிற்றுக்கிழமையும் வருவதாகச் சொன்னார்கள். பூபதியின் போனை எடுக்கவில்லை. குஷன் என்ன கலர் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சாயந்திரம் நாலு மணிக்கு ஏறியது. மூன்று நாள் தாமதம். பிரெஞ்சுக் கடைக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பினேன். டிரான்ஸ்ஃபார்மரை அதில் இரண்டாக்கினேன். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. தானாக வரும் பதில். ஆகஸ்டில் ஆபீஸே லீவு, எல்லோரும் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள், இருபத்தைந்தாம் தேதிக்குமேல் பேசலாம் என்றிருந்தது. எந்தத் தாத்தாவுக்காக என்று எழுதவில்லை.

பூபதிக்கு அதை அப்படியே அனுப்பினேன். அவன் வெகுநேரம் கழித்து, அடுத்த ஆர்டர் முப்பதாயிரம் என்று மட்டும் பதில் போட்டான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று ஷெட்டுக்கு லீவு விட்டேன். நேரம் இருப்பதால் இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன்.

சில திருத்தங்கள். கவர்னர் பதவி என்று ஒன்று கிடையாது. எரிமலை விழிக்கவில்லை. கடிகாரம் அதன் இடத்திலேயே இருந்தது. நாற்பத்தொரு பேர் என்பது இருபத்தேழு பேர். எழுதும்போது கைக்குச் சுகமாக இருந்தது, விட்டுவிட்டேன். கல்லறையை மூன்று சுற்றுச் சுற்றியதில் நான் பிடித்தது ஒரு சுற்று, அதுவும் முழுசாக அல்ல. மீதியையும் படிக்கிறவர்கள் அவரவர் சௌகரியப்படி நம்பாமலிருக்கலாம்.

ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். முப்பதாம் தேதி எழுதும்போது அதை விட்டுவிட்டேன்.

ரஜோனாவை உள்ளே கொண்டுபோவதற்கு முன், பாயைத் தூக்க ஆட்கள் கைவைத்தபோது, நான் திரும்பிப் போனேன். ரிவோவைக் கூப்பிடவில்லை. சுருளின் பக்கத்தில் குனிந்து தமிழிலேயே சொன்னேன். எழுநூறு இல்லீங்க. முப்பத்திரண்டு. அதுலயும் ரெண்டு ஓடறதில்ல.

ஹந்தா என்ன என்று கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.